அப்பாவின் கீழுதட்டில் இரண்டு புள்ளிகள்

"நான் என்ன தப்பு பண்ணினேன்?" உதடு பிளந்து பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய எல்லா அம்மாக்களும் முதலில் கேட்பது இதைத்தான். பால் எப்படிக் கொடுப்பது, ஆபரேஷன் எப்போது, பேச்சு சரியாக வருமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். நான் மருத்துவர் இல்லை. பிளவு உதடு, அண்ணப்பிளவோடு (அண்ணம் என்பது வாயின் மேற்கூரை) பிறக்கும் குழந்தைகளின் டிஎன்ஏவைப் படித்து எந்த மரபணுவில் என்ன மாறியிருக்கிறது என்று தேடுவது என் வேலை. பெரும்பாலான நாட்கள் கணினித் திரைக்கு முன்னால்தான் போகும், குடும்பங்களை நேரில் பார்ப்பது எப்போதாவதுதான். அப்படியும் அந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டாயிற்று. அதைப் பற்றி ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்தது. இதில் வரும் இரண்டு குடும்பங்களின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. பிறவிக் குறைபாடுகளில் மிகவும் பரவலாகக் காணப்படுபவற்றில் இதுவும் ஒன்று. சில குழந்தைகளுக்கு உதடு மட்டும், சிலருக்கு உதடும் அண்ணமும் சேர்ந்து, சிலருக்கு உதடு நன்றாக இருந்து உள்ளே அண்ணத்தில் மட்டும் பிளவு. இவை வெவ்வேறு சங்கதிகள் என்று டென்மார்க்கின் பால் ஃபோக்-ஆண்டர்சன் 1942லேயே குடும்பம் குடும்பமாகப் பார்த்துச் சொல்லிவிட்டார். உதட்டுப் பிளவு உள்ள குடும்பத்தில் உதட்டுப் பிளவுதான் திரும்ப வருகிறது, அண்ணம் மட்டும் பிளந்த குடும்பத்தில் அண்ணம் மட்டும்தான் வருகிறது என்பது அவர் கண்டது. டிஎன்ஏவின் வடிவமே தெரியாத காலத்தில் செய்த வேலை அது. அவர் போட்ட அந்தக் கோட்டை இன்றும் நாங்கள் தாண்டுவதில்லை, மரபணு ஆய்வில் இரண்டையும் தனித்தனியாகவே வைத்துப் பார்க்கிறோம். சில குடும்பங்கள் மட்டும் அந்தக் கோட்டுக்குள் அடங்காது, அதற்கு இப்போது வருகிறேன்.

முதலில் முகம் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கருவில் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. தனித்தனியாகக் கிளம்பும் திசு மேடுகள் ஒன்றை நோக்கி ஒன்று வளர்ந்து, தொட்டு, ஒட்டிக்கொண்டுதான் முகமாகிறது. மேலுதடு நாலாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் கூடி முடிந்துவிடுகிறது. நிறைய பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பது உறுதியாகும் நேரத்தில் குழந்தையின் உதட்டு வேலை பாதி முடிந்திருக்கும். அண்ணத்தின் கதை இன்னும் அழகு. நாக்கின் இரண்டு பக்கமும் இரண்டு திசுத் தகடுகள் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருக்கும். நாக்கு கீழே இறங்க வேண்டும், தகடுகள் மேலே எழும்பிக் கிடையாகப் படுக்க வேண்டும், நடுவில் ஒன்றையொன்று தொட வேண்டும், தொட்ட இடத்தில் இருக்கும் மேல்தோல் மறைந்து உள்சதை ஒன்றாக வேண்டும். 12 வாரத்துக்குள் இத்தனையும் நடந்தாக வேண்டும். இதற்கிடையில் தலையும் அகலமாகிக்கொண்டே போகிறது, அதனால் தகடுகள் எழும்பத் தாமதமானால் நடுவில் உள்ள தூரம் எட்ட முடியாததாகிவிடும். இதை முதன்முதலில் எலிக் கருவின் மெல்லிய வெட்டுத் துண்டுகளில், மைக்ரோஸ்கோப்பில் வரிசையாகப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, 700ல் ஒன்று தவறுவதைவிட மீதி 699 சரியாகக் கூடுவதுதான் ஆச்சரியம் என்று. இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

இனி அந்தக் குடும்பம்.

பெண் குழந்தை, பிறந்து மூன்று மாதம். இடது பக்க உதட்டில் பிளவு, அண்ணத்திலும் பிளவு. முதல் குழந்தை. படிவத்தில் 'குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அம்மா, அப்பா, குழந்தை மூவரின் மாதிரியும் எங்களிடம் வந்திருந்தது. இப்படி மூவரையும் சேர்த்துப் படிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மனிதரின் டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்துகள். ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் பொது மாதிரியோடு பொருத்திப் பார்த்தால் நம் ஒவ்வொருவரிடமும் 40 முதல் 50 லட்சம் இடங்களில் எழுத்து மாறியிருக்கும், அதில் மிகப் பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் செய்யாதவை. இந்தக் குவியலில் எதைத் தேடுவது? அப்பா அம்மா இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் மட்டும் புதிதாகத் தோன்றியவை எவை என்று கேட்டால் 40 லட்சம் சட்டென்று 60, 70 ஆகச் சுருங்கிவிடும். பெற்றோர் இருவரும் நன்றாக இருக்கிறார்கள், குழந்தைக்கு மட்டும் குறை என்றால் முதலில் அங்கேதான் கை போகும்.

அதைத்தான் செய்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. புதிதாகத் தோன்றிய மாறுதல்கள் எதுவும் முகம் உருவாவதோடு சம்பந்தப்பட்ட மரபணுக்களில் இல்லை. 'காரணம் கண்டறியப்படவில்லை' என்று அறிக்கையும் தயாராகிவிட்டது.

அதைச் சொல்வதற்காக அவர்களை வரவழைத்திருந்த நாளில், எங்கள் குழுவில் இருந்த மரபியல் மருத்துவர் என்னையும் கூட வந்து உட்காரச் சொன்னார். அப்பா ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்து இழுக்க, அவர் சிரித்தார். டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு, "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்றார். அப்பாவுடைய கீழுதட்டில், நடுவுக்கு இரண்டு பக்கமும், குண்டூசித் தலை அளவில் இரண்டு குழிகள். ஒன்றில் லேசாக ஈரம் பளபளத்தது. "இதுவா? இது சின்ன வயசிலேர்ந்தே இருக்கு டாக்டர். பல்லு பட்டு ஆன தழும்புன்னு அம்மா சொல்லுவாங்க" என்றார். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, பேச வேண்டியிருக்கவும் இல்லை.

கீழுதட்டில் குழிகள், அதோடு அதே குடும்பத்தில் பிளவு. இது வான் டெர் வூட் சிண்ட்ரோம். ஆன் வான் டெர் வூட் 1954ல் விவரித்தது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு உதட்டுப் பிளவு, இன்னொருவருக்கு அண்ணம் மட்டும், மற்றொருவருக்கு வெறும் குழிகள் என்று வரும், ஃபோக்-ஆண்டர்சன் கோட்டுக்கு அடங்காதது என்று சொன்னேனே, அது இதுதான். பிளவோடு பிறக்கும் குழந்தைகளில் 100க்கு இரண்டு பேருக்கு இதுதான் காரணம் என்பது பொதுவான கணக்கு. பெற்றோர் ஒருவரிடமிருந்து மரபணுவின் ஒரே ஒரு மாறிய பிரதி வந்தாலே போதும். அப்படியென்றால் அது அப்பாவிடம் இருந்திருக்கிறது, குழந்தையிடம் மட்டும் இருப்பதைத் தேடிய என் வடிகட்டி அதை முதல் படியிலேயே தூக்கி எறிந்திருக்கிறது. அன்று சாயங்காலமே வடிகட்டியைக் கழற்றிவிட்டு நேராக, இந்த சிண்ட்ரோமுக்குக் காரணமான ஐஆர்எஃப்6 மரபணுவுக்குப் போனேன். திரையில் சாம்பல் நிறப் பட்டைகள் அடுக்கடுக்காக வரும், ஒவ்வொரு பட்டையும் டிஎன்ஏவின் ஒரு சிறு துண்டைப் படித்ததன் பதிவு. குழந்தையின் அடுக்கில் ஒரே ஒரு இடத்தில் மேலிருந்து கீழ்வரை சரிபாதிப் பட்டைகளில் ஒரு பச்சை எழுத்து. அப்பாவின் அடுக்கில் அதே இடத்தில் அதே பச்சை. அம்மாவின் அடுக்கு முழுக்கச் சாம்பல். அந்த ஒரு பச்சைக் கோட்டை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. இரண்டு வாரமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

இந்த மரபணு கண்டுபிடிக்கப்பட்ட விதத்தை நான் புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்வேன். 2000ஆம் ஆண்டு வாக்கில், கோளாறு முதலாம் குரோமோசோமின் ஒரு பகுதியில் இருக்கிறது என்பது வரை தெரிந்துவிட்டது, அந்தப் பகுதி சுமார் மூன்றரை லட்சம் எழுத்து நீளம். அதில் எந்த மரபணு, எந்த எழுத்து? குடும்பங்களின் டிஎன்ஏவைப் படித்தால் ஏராளமான வித்தியாசங்கள் வருகின்றன, எது குற்றவாளி, எது சும்மா கூட நிற்பது என்று பிரிக்க முடியவில்லை. அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மரே, பிரையன் ஷுட் இருந்த குழுவுக்கு அப்போது ஒரு ஜோடி கிடைத்தது. ஒரே கருமுட்டையிலிருந்து வந்த இரட்டையர். ஒருவருக்கு வான் டெர் வூட் இருக்கிறது, மற்றவருக்கு இல்லை, பெற்றோருக்கும் இல்லை. இருவருக்கும் டிஎன்ஏ ஒன்றேதான் என்னும்போது, அந்தப் பகுதியில் இருவருக்கும் நடுவே ஏதாவது ஒரு வித்தியாசம் தெரிந்தால் அதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஐஆர்எஃப்6ல் ஒரு எழுத்து மாறி, புரதம் பாதியிலேயே நின்றுபோகும் சடுதிமாற்றம் ஒருவரிடம் மட்டும் இருந்தது. அப்புறம் மற்ற குடும்பங்களில் பார்த்தால் அதே மரபணுவில் வரிசையாக மாறுதல்கள். 2002ல் இது வெளியானது. லட்சக்கணக்கில் மாதிரிகள் சேர்த்துச் செய்யும் ஆய்வுகளை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதில்தான் நானும் இருக்கிறேன். ஆனால் ஒரு ஜோடி இரட்டையரின் அருமை என்ன என்று யாரோ ஒருவருக்கு உடனே புரிந்ததே, அந்தக் கண் வேண்டும்.

ஐஆர்எஃப்6 என்ன செய்கிறது என்பது எலிகளில் தெளிவானது. இந்த மரபணு இல்லாத எலிக்குட்டிகளின் தோல் சரியாக முதிர்வதில்லை, வாய்க்குள் ஒட்டக்கூடாத பரப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. கருவின் மேல்தோலுக்கும் மேலே ஒரு மெல்லிய உறை போன்ற செல் அடுக்கு இருக்கிறது, திசுக்கள் தப்பான இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். அது கெட்டால் தகடு நாக்கோடு ஒட்டிக்கொண்டு மேலே எழும்ப முடியாமல் போகலாம். ஒட்டாமல் போவதுதான் கோளாறு என்று நினைத்தால், ஒட்டாமல் இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டுவதும் கோளாறாக இருக்கிறது. 2014ல் ஜிஆர்எச்எல்3 என்ற இரண்டாவது மரபணுவும் இதே சிண்ட்ரோமுக்குக் காரணம் என்று தெரிந்தது, அதுவும் இந்த உறையோடு சம்பந்தப்பட்டதுதான்.

சரி, குடும்பத்துக்கு வருகிறேன். மாறுதலை இன்னொரு முறையில் சோதித்து உறுதி செய்தபிறகு அவர்களை மறுபடி வரச் சொன்னோம். டாக்டர் படம் போட்டு நிதானமாக விளக்கினார். அம்மா நடுவில் பேசவே இல்லை. கடைசியில், "அப்போ நான் மாடிப்படியில வழுக்கி விழுந்ததால இல்லையா?" என்று கேட்டார். ஐந்தாம் மாதத்தில் விழுந்திருக்கிறார். அடி பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பிரசவம் ஆனதிலிருந்து அவருக்கு அந்தப் படியைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் இருந்திருக்கிறது. ஐந்தாம் மாதத்துக்கு எவ்வளவோ முன்னாலேயே உதடும் அண்ணமும் உருவாகி முடிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதும் அவர் அழுத அழுகையை நான் எந்த அறிக்கையிலும் எழுத முடியாது.

அப்போதுதான் அப்பா பக்கம் பார்த்தேன். "அப்ப என்னாலதான்" என்றார், கேள்வியாகக்கூட இல்லை. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார், அந்தக் குழிகளை இனி யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது போல.

இதற்கு நாங்கள் தயாராக வரவில்லை என்பதுதான் உண்மை. அம்மாவின் மேல் நீண்டிருந்த விரலை எடுப்பதில் இருந்த அவசரத்தில், அது அப்படியே திரும்பி அப்பாவை நோக்கிப் போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. டாக்டர் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, வெகு நேரம் பேசினார். உங்கள் அப்பா அம்மாவில் யாரோ ஒருவரிடமிருந்து உங்களுக்கு வந்திருக்கலாம், அல்லது உங்களிடமே புதிதாகத் தோன்றியிருக்கலாம், எப்படி வந்ததென்றாலும் அதை நீங்கள் கேட்டு வாங்கவில்லை, இவளுக்கு எதைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கவும் இல்லை, ஒவ்வொரு கருத்தரிப்பிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவ்வளவுதான் என்றார். இந்தப் பேச்சை இப்போதெல்லாம் முடிவைச் சொல்வதற்கு முன்னாலேயே பேசிவிடுகிறோம், யாரிடமிருந்து வந்திருந்தாலும் பொருந்தும்படி. படிவத்தையும் மாற்றினோம். 'குடும்பத்தில் யாருக்கேனும் உண்டா' என்று கேட்டு விட்டுவிடுவதில்லை, பெற்றோர் இருவரின் கீழுதட்டையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தாயிற்றா என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது.

காரணம் தெரிந்து என்ன பயன், ஆபரேஷன் எப்படியும் அதேதானே என்று சிலர் கேட்பதுண்டு. ஆபரேஷன் அதேதான். உதட்டை முதல் சில மாதங்களிலும் அண்ணத்தை ஒரு வயதையொட்டியும் சரிசெய்வது வழக்கம், மரபணு முடிவு அதை மாற்றப்போவதில்லை. ஆனால் அடுத்த குழந்தை? வேறு எந்தக் குறையும் இல்லாமல் உதடும் அண்ணமும் மட்டும் பிளந்து, குடும்பத்தில் அதுவே முதலாவது என்றால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு 100ல் 3 முதல் 5. வான் டெர் வூட் என்றால் மாறிய மரபணு போய்ச்சேரும் வாய்ப்பு 100ல் 50. குழந்தையின் முகத்தைப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வது பல நேரம் முடியாது. அதேபோல அண்ணப்பிளவோடு இதயக் கோளாறும் இருந்தால் 22ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், இருந்தால் குழந்தையின் கால்சியம், நோய் எதிர்ப்பு சக்தி என்று கவனிக்க வேண்டிய பட்டியலே மாறிவிடும்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் மேலே எழுதியதெல்லாம் பொய்யான நம்பிக்கையாகிவிடும். உதட்டுப் பிளவோடு வரும் குழந்தைகளில் 10க்கு ஏழு பேருக்கு வேறு எந்தக் குறையும் இருக்காது, இப்படிப் பச்சைக் கோடு போல ஒரே ஒரு காரணமும் கிடைக்காது. அங்கே பல மரபணுக்களின் சின்னச் சின்ன மாறுதல்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, அவற்றோடு கருவின் சூழலும் சேர்ந்து வேலை செய்கிறது. ஒரே கருமுட்டை இரட்டையர்களிலேயே ஒருவருக்குப் பிளவு இருந்து மற்றவருக்கு இல்லாமல் போவது ஏராளம். புகைபிடித்தல், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, சில வலிப்பு மருந்துகள் இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டுகின்றன (மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து, டாக்டரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும்). ஆனால் இவை எதுவுமே இல்லாத குடும்பங்கள்தான் என் பட்டியலில் அதிகம். பிளவு வலது பக்கத்தைவிட இடது பக்கத்தில் இரண்டு மடங்கு அதிகம். ஏன் இடது? யாரிடமும் இதுவரை திருப்தியான பதில் இல்லை.

2009ல் ஜெர்மனியின் பான் நகரக் குழு எட்டாம் குரோமோசோமில் ஒரு பகுதியைக் கண்டது, பிளவுள்ளவர்களில் அங்கே ஒரு மாறுதல் கூடுதலாக இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே மரபணுவே இல்லை, வெறும் பாலைவனம். 2014ல் எலிகளில் அதற்கு இணையான பகுதியை நீக்கிப் பார்த்தபோது, வெகு தூரத்தில் இருக்கும் மிக் என்ற மரபணு முகத் திசுவில் குறைவாக வேலை செய்தது. ஆக, அந்தப் பாலைவனத்தில் இருந்தது தூரத்து மரபணுவை இயக்கும் ஒரு ஸ்விட்ச். ஐஆர்எஃப்6க்குப் பக்கத்திலும் இப்படி ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதில் ஓர் எழுத்து மாறுவது சாதாரண உதட்டுப் பிளவின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2008ல் தெரியவந்தது. அந்த மாறுதல் எந்தக் குறையும் இல்லாத எத்தனையோ பேரிடமும் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஒரு அம்மாவிடம் இதுதான் காரணம் என்று சொல்லவே முடியாது.

அப்புறம் 'பொருள் தெளிவாகாத மாறுதல்' என்று ஒரு வகை. சந்தேகப்படும்படியான மரபணுவில் ஒரு அரிய மாறுதல் இருக்கும், ஆனால் அதுதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது. அரியது என்று எப்படித் தெரியும்? பல லட்சம் பேரின் டிஎன்ஏவைத் தொகுத்து வைத்திருக்கும் பொதுத் தரவுத்தளங்களில் தேடுகிறோம், அங்கே இல்லையென்றால் அரியது. ஆனால் அந்தத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினர்தான் அளவுக்கு அதிகம். மற்ற மக்களிடம் சர்வ சாதாரணமாக இருக்கும் ஒரு எழுத்துகூட, அவர்களில் போதுமான பேர் பட்டியலில் இல்லாத ஒரே காரணத்தால் அரியதுபோல் தோன்றி எங்களை வாரக்கணக்கில் அலைக்கழித்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு குடும்பத்திடமும் மாதிரி கேட்கும்போது, உங்களுக்குப் பதில் கிடைக்காமல் போனாலும் உங்கள் எழுத்துகளால் வேறு ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கலாம் என்று சொல்லியே கேட்கிறேன். அப்படிக் கேட்டு மறுத்தவர்கள் மிகக் குறைவு. மறுத்தால் அதுவும் அவர்கள் உரிமை.

இரண்டாவது குடும்பம் அப்படிக் கொடுத்தவர்கள்தான். பையன், இரண்டு பக்கமும் உதட்டுப் பிளவு, அண்ணமும் சேர்த்து. உதட்டில் குழிகள் இல்லை, யாருக்கும் இல்லை, பார்த்தாயிற்று. புதிய மாறுதல்கள், பெற்றோரிடமிருந்து வந்தவை, விடுபட்ட துண்டுகள், ஸ்விட்ச் பகுதிகள் எல்லாம் தேடியாயிற்று. கையில் இருப்பது ஒரே ஒரு தெளிவாகாத மாறுதல். வருடத்துக்கு ஒரு முறை பழைய கோப்புகளைத் திறந்து, அந்த வருடம் புதிதாகத் தெரியவந்த மரபணுக்களோடு ஒப்பிட்டு மறுபடி ஓட்டுவோம். பதில் இல்லாத குடும்பங்களுக்கு நாங்கள் உறுதியாகத் தரக்கூடியது இது ஒன்றுதான், இதை நான் ஒருபோதும் தள்ளிப்போட்டதில்லை. ஓட்டி முடித்த வாரத்தில் அந்த அம்மாவே கூப்பிடுவார், எப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறாரோ.

போன வாரமும் கூப்பிட்டார். "இந்த வருஷம் ஏதாவது தெரிஞ்சுதா மேடம்?"

இல்லை என்றேன், எதையெல்லாம் பார்த்தோம் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி மேடம், அடுத்த வருஷம் கூப்பிடுறேன்" என்றார். போனுக்குப் பின்னால் அந்தப் பையன் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான், பென்சில் அவனுடையதுதானாம், அவன்தான் முதலில் எடுத்தானாம். ப வர்க்கம், க வர்க்கம் எல்லாமே சுத்தமாகக் காதில் விழுந்தது.